முறிமுகம்

யூரியாச் சாக்கில் சுற்றி
இரண்டு துண்டாய்க் கொண்டுவந்து
லேத் மெசினின் காலடியில் போட்டாள் பவளராணி.
அறுவடை மெசினின் சாஃப்ட்.
இந்தக் காலபோகத்தில் இது மூன்றாவது.
தருமபுரத்தில் எட்டு ஏக்கர் சாய்ந்து கிடக்கிறது,
வானம் கறுக்கிறது,
லீசிங்காரன் விடியவே போன் எடுத்துவிட்டான்.
"இருக்கிறதுக்குள்ள கடினமான இரும்பாப் போடுங்கோ."

துண்டை மண்ணெண்ணெயில் கழுவி
முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
உடையார்கட்டுக் குளம் ஆடியில் வற்றும்போது
நீர் இறங்கி இறங்கிக் கரையில் விட்டுப்போகுமே
அதே வரிகள், மயிரிழையாய், ஒன்றுக்குள் ஒன்று.
நாளுக்கொரு வரியோ, வயலுக்கொரு வரியோ.
கால்வாசி மட்டும்
உடைத்த கற்கண்டு போல மினுங்கியது.
நேற்றுப் பின்னேரம் முறிந்தது அந்தக் கால்வாசிதான்.
மிச்சமெல்லாம் முதலே முறிந்து
சத்தம் போடாமல் சுழன்றுகொண்டிருந்தது.

அரத்தை எடுத்துக் காட்டினேன்.
இந்தப் பட்டறையில் இதைவிடக் கடினம் ஏதுமில்லை,
சீமெந்துத் தரையில் விழுந்தால் இரண்டாய்ப் போகும்.
சாஃப்ட்டின் ஒரே இடம்
ஒரு கணம் இழுபடுகிறது, மறு கணம் நெரிபடுகிறது,
நிமிடத்துக்கு ஐந்நூறு தரம்.
கொஞ்சம் வளையவேண்டும், வளைந்து மீளவேண்டும்.
அதற்குப் பெயர் பதம்.
சோற்றுக்கும் அதே சொல்தான்.

போன இரண்டையும்
வேறு பட்டறையில் லொறி அச்சில் கடைந்தார்களாம்.
எந்த லொறி?
எந்த வீதியில் எரிந்தது?
எத்தனை மாரி கடல்மணலில் கிடந்தது?
கிரைண்டரில் பிடித்தால் பொறி கிளைவிட்டுப் பறக்கும்,
கரி எவ்வளவென்று சொல்லும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
எஃகுக்கு அது செல்லாது.
நெருப்புக்குள் போய்வந்ததையும்
உள்ளே தொடங்கிவிட்ட கீறலையும்
பொறி சொல்லாது.
இந்தக் கேள்விகளை இங்கே
இரும்பிடம் மட்டும்தான் வாய்விட்டுக் கேட்கிறோம்.

ஈ.என். எட்டு இருந்தது, விலை குறைவு.
தடிப்பைக் கூட்டினால் தாங்கும்,
தடிப்பைக் கூட்டப் பெயரிங் விடாது.
இருபத்துநாலு வவுனியாவில்.
வர இரண்டு நாள், அதற்கிடையில் மழை வந்துவிடும்.
பத்தொன்பதில் ஒரு துண்டு மூலையில் நின்றது,
ஆலையிலேயே பதம் வைத்து
இலக்கம் குத்தி, தாளோடு வந்தது.
பிறப்பத்தாட்சி உள்ள இரும்பு.
அதை இறக்கினேன்.

பிறகுதான் லென்ஸைப் பிடித்தேன்.
வரிகளெல்லாம் சுருங்கிச் சுருங்கிப் போய்
ஒரு புள்ளியில் முடிந்தன.
அதாவது, அங்கேதான் தொடங்கியிருந்தன.
மேலே, இரும்பின் தோலில்
வெட்டிரும்பால் கொத்திய ஓர் எழுத்து.
ப.
அதன் இடது கீழ்மூலை.

"ஆர் வெட்டினது?"
"நான்தான். முதல் சாஃப்டைப் பட்டறையில
மாத்திப்போட்டாங்கள். அதுதான் அடையாளத்துக்கு."
"இரண்டாவதிலயும்?"
"ஓம்."
விரலை அந்தக் குழியில் வைத்துக்கொண்டு நின்றாள்.
"அப்ப என்ர பேர்தானோ உடைச்சது?"
பேர் இல்லை, மூலை, என்றேன்.
சாவிக்குழியின் மூலையும் இதைத்தான் செய்யும்,
தோள் திரும்பும் இடமும்.
எங்கே கூர் இருக்கிறதோ
அங்கே முழுப் பாரமும் வந்து குந்தும்.
அவள் கேட்டாளா தெரியாது.

கரண்ட் இரவு ஒன்பதுக்குத்தான் வந்தது.
சுருள் நீலமாய் இறங்கியது.
தோளில் கூர் விடாமல்
டூலின் மூக்கை உருட்டித் தீட்டி
ஒரு வளைவு விட்டேன், நெல்மணி அளவு.
எமெரித் தாளை நீளவாக்கில் இழுத்தேன்,
குறுக்குக் கோடு ஒன்றும் மிஞ்சாதவரை.
சுண்டுவிரல் மடங்க மறுத்தது.

விடிய வந்தாள். கையில் வெட்டிரும்பு.
நான் சாஃப்ட்டின் முனைத் தட்டைக் காட்டினேன்:
இதில பாரம் ஏறாது, இங்க எழுதுங்கோ.
கொஞ்சம் யோசித்தாள்.
"பெயின்ட் இருக்கோ?"

கதவுக்கு அடித்த பச்சையில் மிச்சம் இருந்தது.
தென்னோலை ஈர்க்கால்
நீளவாக்கில், முழுப்பெயரும் எழுதினாள்.
முதல் ஏக்கரிலேயே அழிந்துபோகும்.
நான் சொல்லவில்லை.